குழந்தைகளுக்கு ஃபைப்ரோஸ்கேன்: பிறந்த எடையோடு சேர்த்துப் படித்தால் எவ்வளவு பயன்?

குழந்தையின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறதா, அது தழும்பாக மாறத் தொடங்கிவிட்டதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஊசியோ மயக்க மருந்தோ இல்லாமல் பத்து நிமிடத்தில் விடை சொல்ல முயலும் சோதனை ஃபைப்ரோஸ்கேன். பிரான்ஸைச் சேர்ந்த எக்கோசென்ஸ் நிறுவனம் 2003இல் சந்தைக்குக் கொண்டுவந்த கருவி. முதலில் பெரியவர்களுக்கு, அதிலும் ஹெபடைடிஸ் சி நோயாளிகளுக்கு அதிகம் பயன்பட்டது. இப்போது ஃபேட்டி லிவர் என்று சந்தேகப்படும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தாராளமாக எழுதித் தரப்படுகிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். தழும்பை அளக்க இது நல்ல கருவி. கொழுப்பை அளக்கச் சுமாரான கருவி. ரிப்போர்ட்டை மட்டும் தனியாக வைத்துப் படித்தால் கணிசமான குழந்தைகளைத் தவறான பக்கத்தில் நிறுத்திவிடும். பிறந்த எடையும் முதல் இரண்டு வருட வளர்ச்சிக் கோடும் பக்கத்தில் இருந்தால் அதே ரிப்போர்ட் வேறு செய்தி சொல்லும். அந்த இரண்டையும் ஸ்கேன் அறையில் யாரும் கேட்பதில்லை. இந்தச் சேவையின் பெரிய குறை அதுதான்.

கருவி என்ன செய்கிறது

வலப்பக்க விலா எலும்புகளுக்கு இடையே வைக்கப்படும் புரோப்பின், அதாவது கருவியின் கைப்பிடி உணரியின் முனை, தோலில் லேசாக ஒரு தட்டு தட்டும். நொடிக்கு 50 அதிர்வு அளவில் எழும் அந்தத் தட்டல், கல்லீரலுக்குள் ஓர் அலையாக ஓடும். அதே புரோப்பிலிருந்து போகும் அல்ட்ராசவுண்ட் அந்த அலையின் வேகத்தைத் தொடர்ந்து பார்க்கும். மிருதுவான கல்லீரலில் அலை மெதுவாகப் போகும். தழும்பேறிய கல்லீரலில் விரைந்து போகும். அந்த வேகத்திலிருந்து கல்லீரலின் விறைப்பு கணக்கிடப்பட்டு கிலோபாஸ்கல் என்ற அழுத்த அலகில் வருகிறது. ஒரு தட்டலில் அளக்கப்படும் பகுதி சுமார் 1 செ.மீ. அகலமும் 4 செ.மீ. நீளமும் கொண்டது. பயாப்ஸியில், அதாவது கல்லீரலிலிருந்து ஊசியால் திசு எடுக்கும் சோதனையில் வரும் துணுக்கைவிட இது நூறு மடங்காவது பெரிது.

இரண்டாவது எண் கேப். அல்ட்ராசவுண்ட் கல்லீரல் வழியாகப் போகும்போது எவ்வளவு மங்குகிறது என்பதை மீட்டருக்கு இத்தனை டெசிபல் என்று சொல்லும் அளவு இது. 100 முதல் 400 வரை போகும். கொழுப்பு கூடினால் எண்ணும் கூடும்.

குழந்தைகள் விஷயத்தில் முதல் சறுக்கல் புரோப் தேர்வில் நடக்கிறது. மார்புச் சுற்றளவு 45 செ.மீ.க்குள் இருந்தால் எஸ்1, 45 முதல் 75 வரை எஸ்2, அதற்கு மேல் எம். தோலுக்கும் கல்லீரலுக்கும் இடையே 2.5 செ.மீ.க்கு மேல் கொழுப்புப் படலம் இருந்தால் எக்ஸ்எல். ஒவ்வொன்றும் அளக்கும் ஆழம் வேறு. எம் புரோப் தோலிலிருந்து 2.5 செ.மீ. ஆழத்தில் அளக்கத் தொடங்கி 6.5 செ.மீ. வரை போகும். எஸ்1 தொடங்குவது 1.5 செ.மீ.யில். பருமனான பத்து வயதுப் பிள்ளைக்கு எம் புரோப்பை வைத்தால் அளவின் ஒரு பகுதி தோலடிக் கொழுப்பிலேயே போய்விடும். விறைப்பு உண்மையைவிடக் கூடுதலாக வரும். ஆகவே டேப் வைத்து மார்பை அளந்த பிறகே புரோப்பை எடுக்க வேண்டும். அளக்காமல் எடுக்கும் இடத்தில் தயங்காமல் கேளுங்கள்.

இன்னொன்று: பல கருவிகளில் சிறிய எஸ் புரோப்புகளில் கேப் கிடையாது. ஐந்து வயதுக் குழந்தையைக் கூட்டிப்போய் "கொழுப்பு எவ்வளவு?" என்று கேட்டால் வெறும் விறைப்பு மட்டும் கைக்கு வரலாம். நேரம் குறிக்கும்போதே குழந்தையின் வயதையும் மார்புச் சுற்றளவையும் சொல்லி, அந்த அளவுக்கான புரோப்பில் கேப் வருமா என்று விசாரித்துவிடுவது நல்லது.

சோதனை நாளில்

குறைந்தது மூன்று மணி நேரம் வெறும் வயிறு. பாலும் பழச்சாறும்கூடச் சாப்பாட்டுக் கணக்குதான். சாப்பிட்ட பிறகு குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் கூடும். கல்லீரல் உப்பி, விறைப்பு உயர்ந்து காட்டும். ஓடியாடிவிட்டு வந்த பிள்ளையைப் பத்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்துவிட்டுப் படுக்கவைக்க வேண்டும்.

மல்லாந்து படுத்து, வலக் கையைத் தலைக்குப் பின்னால் மடக்கி, வலக் காலை இடக் காலின் மேல் போட்டால் விலா இடைவெளி சற்று அகலும். சிறு குழந்தைக்கு இது முக்கியம்; இடைவெளி குறுகினால் புரோப் எலும்பில் உட்கார்ந்து அளவு பிசகும். அழும் குழந்தையை அளக்கவே கூடாது. அழும்போதும் மூச்சைப் பிடித்து முக்கும்போதும் மார்புக்குள் அழுத்தம் கூடி, கல்லீரலிலிருந்து ரத்தம் வெளியேறுவது தடைப்படும். விறைப்பு எண் பொய்யாக ஏறும். ஐந்து வயதுக்குக் கீழே சோதனை தோற்பதற்குப் பெரும்பாலும் இந்த அழுகையும் அசைவுமே காரணம். தட்டல் வலிக்காது, ஆனால் முதல் தட்டில் குழந்தை திடுக்கிடும். புரோப்பை முதலில் குழந்தையின் உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டு காட்டிவிட்டுத் தொடங்கும் டெக்னீஷியன் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

பத்து சரியான தட்டல்கள் வேண்டும். அவற்றின் நடுமதிப்புதான் ரிப்போர்ட்டில் வருவது. கூடவே ஐக்யூஆர் என்று ஒரு சதவீதம் இருக்கும். பத்து அளவுகளும் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போயின என்பதை அது காட்டும். 30 சதவீதத்துக்கு மேல் போனால், குறிப்பாக நடுமதிப்பு 7 கிலோபாஸ்கலைத் தாண்டியிருந்தால், அந்த ரிப்போர்ட்டை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. வேறொரு நாள் மறுபடி செய்ய வேண்டும். புரோப் எது, சரியான தட்டல்கள் எத்தனை, ஐக்யூஆர் எவ்வளவு, எத்தனை மணி நேரப் பட்டினி என்ற நான்கும் இல்லாத ரிப்போர்ட் முழுமையான ரிப்போர்ட் ஆகாது.

எண்களைப் படிப்பது

இங்கேதான் சேவை அதிகம் சறுக்குகிறது. கருவியோடு வரும் வண்ணப் பட்டையும் எஸ்0, எஸ்1, எஸ்2, எஸ்3 என்ற கொழுப்புத் தரங்களும் (புரோப் பெயர்களோடு குழப்ப வேண்டாம்) பெரும்பாலும் பெரியவர்களின் கணக்கில் போடப்பட்டவை. பெரியவர்களின் ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வந்த அலசலில் கொழுப்பு தொடங்கும் எல்லை கேப் 248. குழந்தைகளைப் பயாப்ஸியோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வு சொன்ன எல்லை 225. கேப் 235 வந்த பிள்ளையின் ரிப்போர்ட்டில் எஸ்0, அதாவது "கொழுப்பு இல்லை" என்று அச்சாகும். குழந்தைகளுக்கான எல்லைப்படி பார்த்தால் கொழுப்பு இருக்கிறது. தரத்தைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள்.

விறைப்பிலும் இதே சிக்கல், வேறு வடிவத்தில். ஆரோக்கியமான குழந்தைகளிடம் எடுத்த அளவுகளின் நடுமதிப்பு ஐந்து வயதுக்குள் 4.4 கிலோபாஸ்கல், ஆறிலிருந்து பதினொன்று வரை 4.7, பன்னிரண்டுக்கு மேல் 5.1. பதின்வயதுப் பையன்களுக்குப் பெண் பிள்ளைகளைவிடச் சற்றுக் கூடுதல். இன்னொரு பக்கம், ஃபேட்டி லிவர் உள்ள குழந்தைகளைப் பயாப்ஸியோடு ஒப்பிட்ட 2008 ஆய்வு ஒன்று 5, 7, 9 என்று மூன்று படிகளைத் தந்தது: 5க்கு மேல் ஏதோ ஒரு தழும்பு, 7க்கு மேல் கவனிக்க வேண்டிய தழும்பு, 9க்கு மேல் முற்றிய தழும்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பதினான்கு வயது ஆரோக்கியமான பையனின் சாதாரண அளவும் "ஏதோ ஒரு தழும்பு" என்ற படியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கின்றன. ஆகவே 5க்குக் கீழே வந்தால் நிம்மதி. 9க்கு மேல் வந்தால் தாமதமின்றி குழந்தைகளுக்கான கல்லீரல் மருத்துவர். 7 முதல் 9 வரை, மேலே சொன்னபடி, கவனிக்க வேண்டிய தழும்பு. 5 முதல் 7 வரையிலான எண்ணுக்குத் தனியாக அர்த்தம் கிடையாது. அங்கே உதவிக்கு வருவது குழந்தையின் பிறந்த கதை.

பிறந்த எடை ஏன் இதற்குள் வருகிறது

பயாப்ஸியில் ஃபேட்டி லிவர் உறுதியான 538 அமெரிக்கக் குழந்தைகளின் பிறந்த எடையைப் பின்னோக்கிப் பார்த்த ஆய்வு 2017இல் வெளியானது. பொது மக்கள்தொகையில் 2.5 கிலோவுக்குக் கீழே பிறப்பவர்கள் 6.1 சதவீதம், இந்தக் குழந்தைகளில் 9.3. நான்கு கிலோவும் அதற்கு மேலும் பொதுவில் 10.5, இவர்களில் 14.9. எடை குறைந்து பிறந்தவர்களும் கூடிப் பிறந்தவர்களும், இரண்டு ஓரத்திலும், எதிர்பார்த்ததைவிட அதிகம்.

அதைவிட முக்கியமானது அடுத்த செய்தி. கூடுதல் எடையோடு பிறந்தவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு அதிகமாகவும், அழற்சியோடு கூடிய வடிவம் அதிகமாகவும் இருந்தது. குறைந்த எடையோடு பிறந்தவர்களுக்குக் கொழுப்பின் அளவு அப்படிக் கூடவில்லை. முற்றிய தழும்புக்கான வாய்ப்பு மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது.

இதை ஃபைப்ரோஸ்கேன் ரிப்போர்ட்டின் மேல் வைத்துப் படித்தால் எங்கள் கணிப்பு இது: 2.5 கிலோவுக்குக் கீழே பிறந்த பிள்ளைக்கு கேப் எண் குறைவாக இருப்பதைக் கண்டு ஆறுதல் அடையக் கூடாது. அந்தப் பிள்ளைக்குப் பார்க்க வேண்டிய எண் கிலோபாஸ்கல். "கொழுப்பு கொஞ்சம்தான், ஒன்றும் இல்லை" என்று திருப்பி அனுப்பப்படும் குழந்தைகளில் நாம் தவறவிடக் கூடாதவர்கள் இவர்களே. அதே 6 கிலோபாஸ்கல், நிறைமாதத்தில் 3.1 கிலோவாகப் பிறந்து சீராக வளர்ந்த பிள்ளைக்கு வந்தால் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துப் பார்க்கலாம் என்று விடலாம். 2.2 கிலோவாகப் பிறந்து மளமளவென்று எடை போட்ட பிள்ளைக்கு வந்தால், அடுத்த சோதனைக்கு முன்பே ரத்தப் பரிசோதனைகளை முழுமையாக முடிக்கச் சொல்ல வேண்டும்.

காரணம் கருவறையிலேயே தொடங்குகிறது. நஞ்சுக்கொடி வழியாக ஊட்டம் குறைவாக வரும்போது, சிசு மூளைக்கு முன்னுரிமை தந்து தசையையும் தோலடிக் கொழுப்புச் செல்களையும் சிக்கனமாக அமைத்துக்கொள்கிறது. குறைந்த வரத்தில் வாழப் பழகிய உடல் அது. பிரிட்டன் ஆய்வாளர்கள் ஹேல்ஸும் பார்க்கரும் 1992இல் முன்வைத்த சிக்கன உடலமைப்புக் கருதுகோளின் சாரம் இதுவே. பிறந்த பிறகு உணவு தாராளமாகக் கிடைக்கும்போது, கூடுதல் சக்தியைப் பாதுகாப்பாகச் சேர்த்துவைக்கத் தோலடியில் போதிய இடம் இல்லை. எரித்துத் தீர்க்கத் தசையும் போதவில்லை. கொழுப்பு வயிற்றுக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் போய்ச் சேர்கிறது. இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்குவதில்லை. ஒல்லியான கையும் காலும், முன்தள்ளிய வயிறுமாகப் பிள்ளை வளர்வதற்கு இது ஒரு காரணம்.

எதிர் ஓரத்தில் நடப்பது வேறு. தாய்க்குச் சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தால் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைக் கடந்து தாராளமாக வரும். சிசுவின் கணையம் பதிலுக்கு இன்சுலினை அதிகம் சுரக்கும். அந்த இன்சுலின் கொழுப்பை உருவாக்கும். உடல் பருமனும் கர்ப்பகாலச் சர்க்கரையும் சேர்ந்திருந்த தாய்மாரின் பச்சிளம் குழந்தைகளை எம்ஆர்ஐயில் பார்த்த ஒரு சிறிய ஆய்வில், கல்லீரல் கொழுப்பு மற்ற குழந்தைகளைவிட 68 சதவீதம் கூடுதலாக இருந்தது. பிறந்த சில வாரங்களுக்குள்ளேயே இந்த வித்தியாசம்.

வளர்ச்சி அட்டையில் எதைத் தேடுவது

பிறந்த எடை மட்டும் போதாது. எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்பதும் வேண்டும். 34 வாரத்தில் 2.1 கிலோ என்பது அந்த வாரத்துக்குச் சரியான எடை. 39 வாரத்தில் 2.3 கிலோ என்பது வயிற்றிலேயே வளர்ச்சி குன்றிய குழந்தை. கல்லீரல் கணக்கில் இந்த இரண்டையும் ஒரே பெட்டியில் போடக் கூடாது. டிஸ்சார்ஜ் காகிதத்தில் பிறந்த எடையும் வீட்டுக்குப் போகும் நாளின் எடையும் இருக்கும். முதல் சில நாட்களில் எடை 7 முதல் 10 சதவீதம் வரை குறைவது இயல்பு என்பதால், இரண்டாவதைப் பிறந்த எடையாக எழுதிவிட்டால் சாதாரணக் குழந்தையும் எடை குறைந்த குழந்தை ஆகிவிடும். பத்து வருடம் கழித்து நினைவிலிருந்து சொல்லும் எடையில் இந்தக் குழப்பம் சகஜம்; காகிதத்தைத் தேடி எடுப்பதே நல்லது.

அடுத்து, கோடு எப்படி நகர்ந்தது என்று பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வளர்ச்சி வரைபடம் ஐந்து வயது வரைக்குமானது. அதில் குழந்தையின் எடைக் கோடு 0.67 திட்ட விலக்கத்துக்கு மேல் ஏறினால், அதாவது அச்சிட்ட சதமானக் கோடுகளில் ஒரு முழுப் பட்டையைக் கடந்து மேலே போனால், அது வேக வளர்ச்சி. 39 வாரத்தில் 2.3 கிலோவாகப் பிறந்த பெண் குழந்தை கழித்தல் 2 திட்ட விலக்கத்துக்குச் சற்றுக் கீழே நிற்கிறாள். ஒரு வயதில் 8.9 கிலோ வந்தால் நடுக்கோட்டில் இருக்கிறாள். இரண்டு வயதில் 13 கிலோ என்றால் கூட்டல் 1. எந்த நாளில் தனியாகப் பார்த்தாலும் ஆரோக்கியமான எடையாகத்தான் தெரியும். கோட்டைச் சேர்த்துப் பார்த்தால் மூன்று விலக்க அளவு ஏறியிருக்கிறாள். பத்து வயதில் "கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாள்" என்று மட்டும் தெரியும் இந்தப் பிள்ளைக்கு ஃபைப்ரோஸ்கேன் அறையில் அந்த மூன்று எண்களும் தெரிந்திருக்க வேண்டும்.

எடையோடு நீளத்தையும் பார்க்க வேண்டும். நீளமும் சேர்ந்து ஏறியிருந்தால் அது ஈடுகட்டும் வளர்ச்சி; நீளம் அப்படியே நிற்க எடை மட்டும் ஏறினால் கொழுப்பு. இரண்டு வயதுக்குள் படுக்கவைத்து நீளமும் பிறகு நிற்கவைத்து உயரமும் எடுக்கிறோம். இரண்டுக்கும் சராசரியாக 0.7 செ.மீ. வித்தியாசம் உண்டு, மாறும் வயதில் கோடு திடீரென்று இறங்கினாற்போல் தெரிவது அதனால்தான். நீளம் அளக்க இரண்டு பேர் வேண்டும், ஒருவர் தலையைப் பலகையோடு பிடிக்க, மற்றவர் முழங்காலை நீட்டிப் பாதத்தை ஒட்ட. டேப்பை வைத்து ஒருவரே அளந்த நீளத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம். குறைமாதக் குழந்தைக்கு இரண்டு வயது வரை திருத்திய வயதில் புள்ளி வைக்க வேண்டும். எட்டு வாரம் முன்னதாகப் பிறந்தால், ஆறு மாதத்தில் நான்கு மாதக் குழந்தையின் இடத்தில். திருத்தாமல் வைத்த அட்டையில் ஆரம்பப் புள்ளிகள் தாழ்ந்து விழும். பின்னால் வரும் சாதாரண வளர்ச்சி பொய்யான பாய்ச்சலாகத் தெரியும்.

பள்ளி வயதில் இன்னொரு குறி உண்டு. உடல் நிறைக் குறியீடு ஒரு வயதுக்குப் பிறகு இறங்கி, ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் மறுபடி ஏறத் தொடங்கும். அந்த ஏற்றம் மூன்று, நான்கு வயதிலேயே தொடங்கினால் பின்னாளில் பருமனுக்கு வாய்ப்பு கூடுதல்.

இங்கே ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வேக வளர்ச்சி ஆபத்து என்று படித்துவிட்டு, எடை குறைந்து பிறந்த கைக்குழந்தைக்குப் பாலைக் குறைப்பதும் நீர்க்கச் செய்வதும் கூடவே கூடாது. குறைமாதக் குழந்தையின் மூளை வளர முதல் மாதங்களின் ஊட்டம் தேவை. செய்யக்கூடியது வேறு. குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆஸ்திரேலியாவின் ரெய்ன் ஆய்வில், வேறு பால் தொடங்குவதற்கு முன் ஆறு மாதமாவது தாய்ப்பால் குடித்த குழந்தைகளுக்கு 17 வயதில் ஃபேட்டி லிவர் குறைவாக இருந்தது. புட்டிப்பால் தவிர்க்க முடியாதபோது, புரதம் குறைந்த பால்மாவு குடித்த குழந்தைகள் ஆறு வயதில் பருமன் ஆவது குறைவு என்று ஐரோப்பாவின் பல நாட்டுச் சோதனை காட்டியது. அதே வகையான பிரிட்டனின் ஏவான் ஆய்விலோ, ஒன்று முதல் பத்து வயது வரையிலான வேக எடை ஏற்றத்துக்கும் 17 வயதுக் கல்லீரல் கொழுப்புக்கும் இருந்த தொடர்பின் பெரும்பகுதி, அந்த வயதில் உடலில் இருந்த கொழுப்பாலேயே விளங்கிவிட்டது. பிறந்த எடை விதி அல்ல என்பதற்கு இது நல்ல சான்று. இடைப்பட்ட வருடங்களில் செய்ய நிறைய இடம் இருக்கிறது.

மற்ற சோதனைகளோடு ஒப்பிட்டால்

சாதாரண வயிற்று ஸ்கேன் எங்கும் கிடைக்கும், ஆனால் கல்லீரலில் ஐந்தில் ஒரு பங்காவது கொழுப்பு சேரும்வரை அதற்குச் சரியாகத் தெரியாது. "கிரேடு 1 ஃபேட்டி லிவர்" என்பது பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்தது. வட அமெரிக்கக் குழந்தைகள் இரைப்பைக் குடல் மருத்துவர் சங்கத்தின் 2017 வழிகாட்டி, நோயைக் கண்டறிய அதை நம்ப வேண்டாம் என்றே சொல்கிறது. கொழுப்பை அளக்க, கொழுப்பின் பங்கைக் கணக்கிடும் எம்ஆர்ஐ பிடிஎஃப்எஃப் முறை எல்லாவற்றையும்விட மேல்; கல்லீரல் முழுவதையும் பார்த்துச் சதவீதம் சொல்லும். ஆனால் குழந்தை அசையாமல் படுத்துச் சுமார் இருபது நொடி மூச்சைப் பிடிக்க வேண்டும். அல்ட்ராசவுண்ட் கருவியிலேயே இருக்கும் ஷியர் வேவ் எலாஸ்டோகிராஃபி விறைப்பைப் படம் பார்த்துக்கொண்டே அளக்கும், சின்னக் குழந்தைக்கு அது வசதி. ஆனால் ஒரு கருவியின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

ஃபைப்ரோஸ்கேனுக்கு முன்பே செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது: எஸ்ஜிபிடி என்றும் ஏஎல்டி என்றும் அச்சாகும், கல்லீரல் நொதியை அளக்கும் ரத்தப் பரிசோதனை. பருமனான குழந்தைகளுக்கு ஒன்பதிலிருந்து பதினொரு வயதுக்குள் இதைச் செய்யச் சொல்கிறது அதே வழிகாட்டி. எடை மட்டும் சற்றுக் கூடிய குழந்தைகளுக்கு, இன்சுலின் எதிர்ப்போ குடும்ப வரலாறோ போன்ற கூடுதல் காரணம் இருந்தால் செய்யலாம். அந்தக் காரணங்களின் பட்டியலில் பிறந்த எடை இல்லை. சேர்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. குறைந்தபட்சம், எடை சற்றுக் கூடிய பிள்ளை 2.5 கிலோவுக்குக் கீழேயோ நான்குக்கு மேலேயோ பிறந்திருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லி எஸ்ஜிபிடி கேட்கலாம்.

லேப் காகிதத்தில் "இயல்பு 40 வரை" என்று இருக்கும். குழந்தைகளுக்கு அந்த எல்லை பொருந்தாது: பெண் பிள்ளைக்கு 22, ஆண் பிள்ளைக்கு 26. மூன்று மாதத்துக்கு மேல் பெண்ணுக்கு 44, ஆணுக்கு 52 என்ற இரட்டிப்பு அளவிலேயே நின்றால் முழுப் பரிசோதனை வேண்டும். 80ஐத் தாண்டினால் இன்னும் விரைவாக. ஆனால் எஸ்ஜிபிடி இயல்பாக இருந்தாலும் கொழுப்போ தழும்போ இருக்கலாம்.

முழுப் பரிசோதனை என்றால், கொழுப்புப் பழியைப் போடுவதற்கு முன் மற்ற நோய்களை விலக்குவது. கல்லீரலில் செம்பு சேரும் வில்சன் நோய்க்குச் செருலோபிளாஸ்மின் ரத்தப் பரிசோதனை, ஹெபடைடிஸ் பி மற்றும் சி, தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சி, சீலியாக் நோய், ஆல்ஃபா 1 ஆன்டிட்ரிப்சின் குறைபாடு. வால்ப்ரோயேட், மெத்தோட்ரெக்சேட், நீண்டநாள் ஸ்டீராய்டு போன்ற மருந்துகளும் கணக்கில் வரும். ஒல்லியான சிறு குழந்தைக்கு கேப் உயர்ந்தால், பிறந்த எடையைக் காரணம் காட்டி விட்டுவிடாமல் வளர்சிதை மாற்ற நோய்களைத் தேட வேண்டும். எஸ்ஜிபிடி திடீரென்று பலமடங்கு ஏறிய வாரத்தில் ஃபைப்ரோஸ்கேன் செய்தால், அழற்சியின் வீக்கம் தழும்பாகத் தெரியும். பித்த அடைப்பும் இதயத்தின் வலப்பக்கக் கோளாறும் இப்படியே ஏமாற்றும்.

ரிப்போர்ட்டுக்குப் பிறகு

குழந்தைகளின் ஃபேட்டி லிவருக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து கிடையாது. கல்லீரல் டானிக்குகளை வாங்க வேண்டாம். வைட்டமின் ஈயை நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம். அதை மெட்ஃபார்மினோடு சோதித்த 2011 ஆய்வில் இரண்டுமே எஸ்ஜிபிடியை நிலையாகக் குறைக்கவில்லை, அழற்சி வடிவம் உள்ளவர்களின் பயாப்ஸியில் மட்டும் வைட்டமின் ஈ ஓரளவு பலன் காட்டியது. நன்றாக நிரூபணமான ஒன்று, சர்க்கரையைக் குறைப்பது. பதின்வயதுப் பையன்கள் 40 பேரிடம் 2019இல் வெளியான சோதனையில், சேர்த்த சர்க்கரையையும் பழச்சாற்றுச் சர்க்கரையையும் மொத்தக் கலோரியில் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்த வீடுகளில், எட்டே வாரத்தில் எம்ஆர்ஐ காட்டிய கல்லீரல் கொழுப்பு 25இலிருந்து 17 சதவீதமாக இறங்கியது. வழக்கமாகச் சாப்பிட்டவர்களுக்கு 21இலிருந்து 20. முழுக் குடும்பத்துக்கும் அதே சமையல் என்பதால்தான் அது சாத்தியமானது. பிள்ளைக்கு மட்டும் தனித்தட்டு வைத்தால் நீடிக்காது.

மறு ஸ்கேனை எட்டு வாரத்தில் கேட்க வேண்டாம். தழும்பு அவ்வளவு வேகமாக நகர்வதில்லை. ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை விட்டு, அதே கருவி, அதே புரோப், அதே அளவு பட்டினியோடு செய்தால்தான் ஒப்பிடலாம். 6.1 என்பது 5.4 ஆனால் அது முன்னேற்றம் என்று கொண்டாடவோ, 6.8 ஆனால் பதறவோ தேவையில்லை. அளவின் சாதாரண ஆட்டமே அவ்வளவு இருக்கும். வளரும் பிள்ளையின் மார்பு 75 செ.மீ.யைத் தாண்டி எஸ்2இலிருந்து எம் புரோப்புக்கு மாறும் வருடத்தில் பழைய எண்ணைத் தள்ளிவைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். ரத்தத் தட்டணுக்கள் குறைவு, மண்ணீரல் வீக்கம், மஞ்சள் காமாலை, அல்லது தோலில் சிலந்திக்கால் போன்ற ரத்த நாளங்கள் என்று இவற்றில் ஒன்று இருந்தாலும் ஃபைப்ரோஸ்கேன் எண்ணுக்காகக் காத்திருக்காமல் அந்த வாரமே குழந்தைகளுக்கான கல்லீரல் மருத்துவரிடம் போக வேண்டும்.